துரைசாணியின் கல்யாண ரவிக்கை

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா இருந்த லயன் வீட்டைக் காலி செய்தபோது என் பங்காக வந்தது ஒரு பொம்மை. தகரப்பெட்டியின் அடியில் கிடந்தது. இடது கை இல்லை, முடி பாதி இல்லை, உடம்பில் பொட்டுத் துணி இல்லை. உடுப்புகளை எலி எப்போதோ கடித்துத் தீர்த்திருந்தது. "தூரப் போடுட்டி அந்தச் சனியன" என்றாள் அம்மா. நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குத் துரைசாணி என்று பெயர். மேனேஜர் பங்களாவில் தோட்டவேலை பார்த்த அப்பா, அங்கிருந்த பிள்ளை வேண்டாமென்று எறிந்ததை எடுத்து வந்தார். குழந்தைப் பொம்மை இல்லை. மாரும் இடுப்பும் உள்ள வளர்ந்த வெள்ளைக்காரி. குதிகால் எப்போதும் தூக்கியே இருக்கும் என்பதால் அவளால் நிற்க முடியாது, எதிலாவது சாய்த்து வைக்கவேண்டும். அம்மாவுக்கு அவளைப் பார்க்கவே கூச்சம். "முதல்ல அதுக்கு எதையாவது சுத்து" என்பாள்.

சுற்றிவிட்டது சித்தி. அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தாள், கொழுந்து பறிக்கப் போனாள், சனிக்கிழமை சாயங்காலம் தையல் வகுப்புக்குப் போனாள். துரைசாணிக்குப் பூப்போட்ட கவுன் தைத்தாள். நர்சுகள் போடுகிற வெள்ளை உடுப்பு தைத்தாள், தலைக் குல்லாவோடு. அப்பாவின் கிழிந்த கால்சட்டையில் ஒரு காக்கிச் சட்டை தைத்து, துரைசாணி பஸ் கண்டக்டர் என்றாள். கொழுந்து பறிக்கிற உடுப்பு மட்டும் தைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்த கல்யாண உடுப்பையும் தைக்கவில்லை. "அவளுக்கு என்ன அவசரம்?" என்பாள்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். திண்டுக்கல்லில் பஞ்சாலை, சங்கரன்கோவிலில் நைட்டி, திருப்பூரில் பனியன், எர்ணாகுளத்தில் ஒரு ஜவுளிக்கடை என்று சுற்றினேன். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. கையில் தையல் இருந்ததால் பட்டினி கிடந்தது கொஞ்ச நாள்தான். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு அறை. ஜிப் மாற்றுவது, சுடிதாரை உடம்புக்குப் பிடிப்பது என்று ஓடுகிறது. மிச்ச நேரத்தில் துரைசாணியின் உடுப்புகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தைத்தேன். கவுனுக்கு இரண்டு நாள். காக்கிக்கு ஒரு நாள். கடைசியாகக் கல்யாண ரவிக்கையில் வந்து நின்றேன்.

அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

சித்திக்கு ஆழ்வார்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வயல் உண்டு, பம்பு செட்டு உண்டு, மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் இல்லை. சித்திக்கு இஷ்டமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவளும் ஏதும் சொன்னதாக நினைவில்லை. கல்யாணச் சேலையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ரவிக்கை தைப்பதற்குப் பெண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு வாங்கிப் போவார்கள். சித்தியிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது, அவளே தைத்த அரக்குக் கலர் ரவிக்கை. மற்ற இரண்டும் அம்மா போட்டுக் கழித்தவை. பக்கவாட்டில் ஊசி குத்திப் போட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்து அளவு ரவிக்கையை வாங்கிப் போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் நானும் சித்தியும்தான். வெளியே மழை. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "சித்தி, ஒனக்கு மட்டும் கல்யாணம். துரைசாணிக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்துபோய் அரக்கு ரவிக்கையை எடுத்து வந்து பாயில் விரித்தாள்.

"இது அளவு ரவிக்கைலா?"

"துரைசாணிக்கும் அளவு வேணும்லா" என்று கத்திரியை என் கையில் கொடுத்தாள். என் விரலின்மேல் தன் விரலை வைத்து, நெஞ்சுப் பிடிப்புக்கு நேராகக் கத்திரியை நிறுத்தினாள். "பைய. இங்கன வெட்டு."

வெட்டினேன். மிச்சத்தை அவள் வெட்டினாள். முதுகு, இரண்டு கை, கழுத்து, எல்லாம். பொழுது சாய்வதற்குள் துரைசாணிக்கு ரவிக்கை தயார். சுண்டுவிரல் அகலத்தில் இரண்டு கை, முன்னால் மூன்று ஊக்கு, ஓரமெல்லாம் மடித்துக் கண்ணுக்குத் தெரியாத எம்மிங். மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மாப்பிள்ளையின் அம்மா ஏறி வந்தாள். நல்ல பருமன். மலை ஏற்றத்தில் தலை சுற்றி, வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மல்லிகைப்பூவும் வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தாள். காப்பி குடித்த பிறகு, "எங்க, அந்த ரவிக்கைய எடு தாயி" என்றாள். அம்மா பெட்டியைத் திறந்து தேடினாள். கொடியில் தேடினாள். சித்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எவ்வளவு சந்தோஷம். நான் துரைசாணியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் முன்னால் நீட்டினேன். "இந்தா இருக்குல்லா."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று தெரிந்தது.

"யாருட்டி வெட்டுனது?"

"நான்தான்."

பொய் இல்லை. வெட்டியிருந்தேனே. அம்மா விறகுக் குச்சியை எடுத்துத் தொடையில் நாலு வைத்தாள். "சவத்து மூதி, வெளங்குமா இந்தக் கை?" நான் சித்தியைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "விடுக்கா, சின்னப் பிள்ளதான" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடிக்காத தாயி. எம் பேத்தி என் கண்ணாடியவே கெணத்துல போட்டவ. வேற ரவிக்க இருந்தா குடு, போதும்" என்று என்னிடமிருந்து பொம்மையை வாங்கினாள். "வெள்ளைக்காரிக்கு நம்ம ஊரு ரவிக்க என்னமாப் பொருந்துது பாரேன்."

சொல்லிக்கொண்டே ஊக்கைக் கழற்றினாள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எம்மிங்கை நகத்தால் தடவினாள். சிரிப்பு நின்றுவிட்டது. சித்தியைப் பார்த்தாள்.

"இது ஒங் கைவேலையா?"

"ஆமா அத்தே" என்றாள் சித்தி.

"நல்லாத் தச்சிருக்க."

அவள் ரவிக்கையைத் திரும்பவும் பொம்மைக்கு மாட்டி, மூன்று ஊக்கையும் போட்டு, என் கையில் கொடுத்தாள். அம்மாவிடம் திரும்பி, "அளவுத் துணியில கத்திரி பட்டுட்டு தாயி. எனக்கு மனசு ஒப்பல. இது வேண்டாம்" என்றாள்.

இப்போதுதானே சிரித்தாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையலில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கோபித்துக்கொண்டு போவதற்கும் மாஞ்சோலையில் வழி கிடையாது. கீழே இறங்கும் பஸ் மூன்று மணிக்குத்தான். அதுவரை சம்பந்தம் வேண்டாமென்று சொன்னவளும் சொல்லப்பட்டவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போய் மழையில் வேலியைச் சரிசெய்தார். சித்தி சோறு போட்டாள். அந்த அம்மா சாப்பிட்டு, ரசம் நல்லாயிருக்கு என்று இன்னொரு தரம் வாங்கிக்கொண்டாள். புறப்படும்போது பூவைத் திரும்ப எடுத்துப் போவாள் என்று நினைத்தேன். அவள் அதைச் சித்தியின் கையில் வைத்து, "வாடிரும். நீயே வச்சிக்க" என்றாள்.

சித்தி வைத்துக்கொண்டாள். தலை நிறைய.

அன்றிலிருந்து எனக்குக் 'கல்யாணத்தைக் கலைச்ச கை' என்று பெயர். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் தாம்பாளத்தைத் தொட விடமாட்டார்கள். ஊர் ஊராகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணங்களும் இருந்தன.

போன வாரம் துரைசாணியின் ரவிக்கைக்கு என் பழைய அரக்கு ரவிக்கை ஒன்றை விரித்து வைத்தேன். காகிதத்தில் வரைந்த அச்சை மேலே வைத்துப் பார்த்தால், ஒரு கையின் துணியே போதும். அதிலும் மிச்சம் விழுகிறது. அந்தக் கையைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு கை வைத்துத் தைத்தால் அளவு ரவிக்கை அளவு ரவிக்கையாகவே இருந்திருக்கும். நெஞ்சில் கத்திரி வைக்கவேண்டிய அவசியமே இல்லை. சித்திக்கு இது தெரியாமல் இருக்காது. கெடுப்பதுதான் நோக்கம் என்றால் கிழித்துப் போட்டால் போதுமே, அத்தனை பொடியாக எம்மிங் எதற்கு? அதை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று தரம் பிரித்துத் தைத்து முடித்து, படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். அவள் நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வயதில் தானாகவே ஒருவரைக் கட்டிக்கொண்டவள். அரைமணியில் போன் வந்தது.

"கைக்குழி பெருசா இருக்குட்டி. கொஞ்சம் உள்ள பிடி."

"ஒரு கைத்துணி போதும்லா சித்தி இதுக்கு. எதுக்கு முழு ரவிக்கையும் வெட்டுன?"

"நானா? நீதானட்டி வெட்டுன."

சிரிக்கிறாளா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்று குரலில் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளும் அம்மா சொன்னதையே கேட்டுக் கேட்டு நம்பிவிட்டாளோ என்னவோ.

"ஆமா சித்தி, நான்தான்" என்றேன்.

போனை வைக்கப் போனேன்.

"ரொம்ப வலிச்சுதாட்டி அன்னைக்கு?" என்றாள்.

அடி வாங்கிய அன்று சாயங்காலம் சித்தி எனக்குச் சோறு போட்டுத் தந்தது நினைவுக்கு வந்தது. பாதி தின்ற பிறகுதான் பார்த்தேன், சோற்றுக்கு அடியில் முழுதாக ஒரு அவித்த முட்டை. எங்கள் வீட்டில் முட்டை என்றால் நாலாக அறுத்துத்தான் பழக்கம். தெரியாமல் என் தட்டில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, யாராவது பார்த்துக் கேட்பதற்குள் அவசர அவசரமாக விழுங்கினேன்.