ஒரு பக்கம் நிறைய இங்கிலீஷ்

போன வாரம் ஜங்ஷனிலிருந்து மேலப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் போனோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தாள். போனில் மறுபக்கம் ஆள் கிடையாது. போனேதான் பேசியது. அவள் தடுக்கினால் பொறுமையாகக் காத்திருந்தது. தப்பை மெதுவாகத் திருத்தியது. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவளைப் பாராட்டியும் விட்டது. எங்களை அப்படி யாரும் பாராட்டியதில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கொக்கிரகுளத்தில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் இருந்த பையிலிருந்து பீடித் தூள் வாசம் வந்தது. அவ்வளவுதான். காதில் இங்கிலீஷ், மூக்கில் பீடித் தூள். இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு வீடுதான் ஞாபகம் வரும். நான் போய்க்கொண்டிருந்ததும் அந்த வீட்டுக்குத்தான்.

எனக்குச் சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். பத்தாவதில் கணக்கில் விழுந்தேன். எழுந்திருக்க மனசில்லாமல் பஸ் ஏறி, மேலப்பாளையத்தில் லுங்கி மடிக்கிற வேலையில் சேர்ந்தேன். துணிக் கட்டுகளுக்கு நடுவிலேயே படுக்கை. அதில் வருத்தமெல்லாம் இல்லை. புதுத் துணிமேல் படுத்தால் நல்ல தூக்கம் வரும். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது. எங்கேயாவது போக வேண்டும். எங்கே என்று கேட்டால் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்தால் எங்கேயும் போகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வகுப்பு. கீழ்வீட்டில் ஆரம்ப இங்கிலீஷ். பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்பதோடு அது முடிந்துவிடும். மச்சில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட இங்கிலீஷ். அதற்கும் மேலான இங்கிலீஷ் மொட்டை மாடியில் என்று போர்டில் எழுதியிருந்தது. ஏறிப் பார்த்தால் சாரின் வீட்டம்மா அங்கே கூழ்வற்றல் காயப் போட்டிருப்பார். ஆக, நாங்கள் மச்சோடு நின்றோம்.

மச்சுக்கு ஏறிய பிறகுதான் சிரமம் புரிந்தது. கீழே சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தால் போதும். மேலே சொந்தமாக எதையாவது நினைக்க வேண்டும். நினைத்ததைச் சொல்ல வேண்டும். இன்னொருத்தன் சொன்னதை மரியாதையாக மறுக்க வேண்டும். மரியாதையாக மறுப்பது எங்கள் பக்கத்தில் தமிழிலேயே கிடையாது. சார் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு விஷயம் கொடுப்பார். அதைப் பற்றி வாதாடி, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசிப் பதிந்துகொண்டு வர வேண்டும். பாதியில் நிறுத்தினால் செல்லாது. பதிந்த கேசட்டைச் சார் வாங்கி வைத்துக்கொள்வார், திரும்பி வராது.

என் கூட்டாளி மைதீன். மேலப்பாளையத்துக்காரன். நான் காரணம் தெரியாமல் படித்தேன். அவன் காரணத்தோடு படித்தான். அவன் வாப்பா கல்ஃபில் கட்டிட வேலை பார்த்தவர். அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்தது ஒரு பெட்டியும் சில துணிகளும்தான். அதற்கு முன்பே, லீவில் வருகிறவர்கள் கையில் அவர் கொடுத்தனுப்பிய டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் வீட்டில் இருந்தன. அவருக்குக் கடுதாசி எழுத வராது. அதனால் பேசிப் பதிந்து அனுப்புவார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மைதீனின் உம்மா இலையும் தூளும் வைத்த சுளவை மடியில் எடுத்து வைத்துப் பீடி சுற்ற ஆரம்பிப்பார். கூடவே ஒரு கேசட்டைப் போட்டுவிடுவார். இறந்துபோன மனிதர் தினமும் சாயங்காலம் வந்து, கூரை ஒழுகுகிறதா, ஆடு குட்டி போட்டதா என்று விசாரித்துவிட்டுப் போவார்.

முதல் பாடத்துக்குப் பதிய எங்களிடம் கேசட் இல்லை. புதிதாக வாங்க வழியும் இல்லை. நாங்கள் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து உம்மாவே ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

"இதுல எடுங்க."

"உம்மா, அது வாப்பா பேசுனதுல்லா?" என்றான் மைதீன்.

"ஆமா. இதுல முழுக்க என்னைய ஏசுதாரு. கொழுந்தியா கல்யாணத்துக்கு ஏன் போவலன்னு. கேட்டு கேட்டு அலுத்துப் போச்சு. போவட்டும்."

மைதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். உம்மாவே மறுபடி பேசினார்.

"ஏலே, உங்க வாப்பா வெயில்ல நின்னே செத்தாரு. கூடப் போன ஆளு நாலு வார்த்த இங்கிலீசு தெரிஞ்சவன், ஏசி கடைக்குள்ள நின்னான். நீ போனா கடைக்குள்ள நிக்கணும். எடு."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பதிந்ததை யாரும் அழித்துவிடக்கூடாது என்றால் கேசட்டின் முதுகில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட வேண்டும். பிறகு அதில் எதுவும் பதியாது. வாப்பா எல்லாக் கேசட்டிலும் கவனமாக உடைத்துத்தான் அனுப்பியிருந்தார். உம்மா சுளவிலிருந்து ஒரு துண்டு பீடி இலையை எடுத்தார். இறுக்கிச் சுருட்டினார். அந்த ஓட்டைக்குள் வைத்துக் கத்தரிக்கோல் நுனியால் அடைத்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினோம். இறங்கியது.

இப்படித்தான் எங்கள் இங்கிலீஷ் வளர்ந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் உம்மா ஒரு கேசட்டைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த வீட்டுக் கதை பேசினது போகட்டும். இருமிக்கொண்டே பேசினது போகட்டும், கேட்டால் சங்கடமாக இருக்கிறது என்பார். நாங்கள் ஒருவரையொருவர் மறுத்துக் கத்துவதைக் கேட்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்லே சண்ட போடுதிய?"

"சண்ட இல்லம்மா, பாடம்," என்றேன்.

"சண்ட போடவா பாளையங்கோட்டைக்குப் போறிய? நம்ம தெருவுல சும்மா கெடைக்குமே!"

பிறகு ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் கல்ஃப் சூப்பர் மார்க்கெட் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசிப் பாடத்தில் தேறியவர்களை மட்டும் தான் கூட்டிப்போவதாக சார் சொல்லிவிட்டார். கொடுத்த விஷயம், பிழைக்க வெளியூர் போவது நல்லதா, உள்ளூரில் இருப்பது நல்லதா என்பது. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே கேசட். அதன் ஒரு பக்கத்தில் குர்ஆன் ஓதல். அதில் கை வைக்க முடியாது. மறுபக்கம்தான் வாப்பா.

"நான் போவல. எனக்கு அந்த வேலையே வேண்டாம்," என்று மைதீன் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

உம்மா அவனைக் கூப்பிடவில்லை. ஓட்டையில் இலையை அடைத்தார். கேசட்டை டேப்பில் போட்டார். பிறகு என்னிடம், "தம்பி, அவன வரச் சொல்லு. வெரசலா பேசி முடிங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கூட இல்லை.

மைதீன் வந்தான். நான் வெளியூர்க் கட்சி, அவன் உள்ளூர்க் கட்சி. வழக்கம்போல நான் ஆன் தி அதர் ஹேண்ட் என்று அடுக்கிக்கொண்டு போனேன். அந்தப் பிரயோகத்தின்மேல் எனக்குப் பெரிய மோகம் இருந்தது. மைதீன் குறுக்கிட்டு, ஐ டோண்ட் அக்ரி வித் யூ என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியது புத்தகத்தில் இல்லாதது. வெளியூர் போகிற மனிதன் பணம் அனுப்பலாம், சாமான் அனுப்பலாம், குரலைக்கூட அனுப்பலாம். கூரை ஒழுகும்போது ஏறிப் பார்க்க முடியாது என்றான். தட்டுத் தடுமாறித்தான் சொன்னான். ஆனால் அவன் வாப்பாவைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. தமிழில் அவனால் அதைச் சொல்லியிருக்க முடியாது. நான் பதில் வாதம் செய்ய வாயைத் திறந்தேன். அவன் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டான். டேப்பின் சின்ன ஜன்னலில் பார்த்தால் நாடா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"லே, பக்கம் நெறையலயே. செல்லாதும்பாரு."

"செல்லாட்டா போவட்டும்," என்றான்.

மறுநாள் சார் கேசட்டை எங்கள் முன்னாலேயே போட்டுக் கேட்டார். நான் பேசினேன். அவன் பேசினான். டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வேறு ஒரு குரல், காற்றுச் சத்தத்துக்கு நடுவில்.

"…முருங்கைய வெட்டிராதிய. வேலியோரமா அது பாட்டுக்கு நிக்கட்டும். மைதீனு படிக்கானா? அடிக்காத அவன. நான் வந்து பாத்துக்கிடுதேன். டேப்பு முடியப் போவுது போல… கேக்குதா? ஏ, கேக்குதா?"

கேசட் நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசியில பேசுனது யாருடே?"

"எங்க வாப்பா, சார்."

கொஞ்ச நேரம் கேசட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீடி இலை அடைப்பை விரலால் தடவினார்.

"பக்கம் நெறையணும்னுதானே சொன்னேன்? நெறஞ்சிருக்கு. ரெண்டு பேரும் தேறியாச்சு. இத நீங்களே வச்சிக்கிடுங்க, போங்க."

லாட்ஜில் மைதீனுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ராத்திரி வேலை பார்ப்பாயா என்று கேட்டதற்கு, இரண்டு பக்கமும் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று அந்த ஆள் வாசலைக் காட்டிவிட்டார். அதுவும் நல்லதற்குத்தான். பம்பாய், சூரத், கோவா என்று ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்றினேன். மச்சு இங்கிலீஷ் எங்கேயும் எனக்குச் சோறு போட்டது.

ஊர்ப்பக்கம் வரும்போதெல்லாம் உம்மாவைப் பார்க்கப் போவேன். மைதீன் கடைக்குள்தான் நின்றான், குளிரில். உம்மா தினமும் அந்த ஒரே கேசட்டைப் போட்டார். வேகமாக ஓட்டினால் நாடா சிக்கிக்கொள்ளும் என்று பயம். அதனால் கடைசியில் வருகிற வாப்பாவின் குரலைக் கேட்க, எங்கள் இங்கிலீஷ் முழுவதையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். கேட்டார். வருஷக்கணக்காகக் கேட்டார். ஒரு தடவை நான் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது, சுளவைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்து, "ஐ டோண்ட் அக்ரி வித் யூ," என்றார், மைதீனின் தடுமாற்றம் உட்பட. பிறகு, "வா தம்பி, சோறு திங்கியா?" என்றார். பீடி சுற்றும்போது ஆன் தி அதர் ஹேண்ட் என்று அவர் முணுமுணுப்பதை அக்கம்பக்கத்தில் ஏதோ ஓதுவதாக நினைத்திருந்தார்களாம்.

உம்மா மவுத்தாகிச் சில வருஷம் ஆகிறது. மைதீன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். போன வாரம் நான் போனபோது கேசட்டை எடுத்துக் காட்டினான். நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் அறுந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பீடி இலை மட்டும் அடைத்த இடத்திலேயே இருந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வாசம் இல்லை.

"முழுசா ஞாபகம் இருக்காலே?" என்று கேட்டேன்.

"நம்ம பேசுனதா? ரெண்டு வரி இருக்கு. முழுசா உம்மாவுக்குத்தான் தெரியும்."

அந்த ரெண்டு வரியை இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம். நான் மறுத்தேன், அவன் மறுத்தான். அதற்குமேல் வரவில்லை, நிறுத்தினோம். டக் என்ற சத்தத்துக்குப் பிறகு வர வேண்டியது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். இருவருமே அதைச் சொல்லவில்லை. வேலியோரத்தில் முருங்கை நின்ற இடத்தில் இப்போது காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது.