முன்சக்கரத்து நடுக்கம்

இலஞ்சிக்கு ரோடு பிரியும் விலக்கைத் தாண்டி ரோடு நேராகும் இடத்தில் பாட்டில்கள் பேசத் தொடங்கும். அதுவரை மரப்பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சமர்த்தாக வந்த சோடா பாட்டில்கள், வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் கிணுகிணுவென்று ஆரம்பித்து, பிறகு குளிரில் பல் அடிப்பதுபோல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். எதிரே குற்றால மலை, பிழியாத ஈரத்துணியைத் தோளில் போட்டதுபோல மேகத்தோடு நிற்கும். அதைப் பார்க்கும் ஆசையில்தான் நான் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். அந்த வருஷச் சாரல் சீசனில் மலையை எங்கே பார்த்தேன்? என் வீட்டுக்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் துடித்தன.

தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சோடா போட்டோம். இவரும் இவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்திய தொழில். நான் பாட்டில் கழுவி, நிரப்பி, காஸ் ஏற மெஷினில் வைத்துச் சுற்றுவேன். இவர் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காலிப் பாட்டிலோடு திரும்புவார். நான் வாழ வந்த புதிதில் அதற்கு மாட்டுவண்டி. ஐம்பதுகளின் கடைசியில் மாடுகளைக் கொடுத்துவிட்டு, பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரும் கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. எங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு ஆயுசை வாழ்ந்து முடித்த வண்டி அது.

சின்ன வயதிலிருந்து மாடு ஓட்டியவர், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகு மோட்டார் ஓட்டப் படித்தார். அதுவரை "ஏ வண்டிக்காரா" என்று கூப்பிட்ட கடைக்காரர்கள் "டிரைவர் அண்ணாச்சி" என்றார்கள். அந்த அழைப்பை அவர் வீடு வரைக்கும் கொண்டுவருவார். சோற்றைப் பிசையும்போதுகூட அது முகத்தில் இருக்கும். நான் கண்ட மனிதர்களில் ஒரு சொல்லால் அவ்வளவு அழகானவர் வேறு யாருமில்லை.

சாரல் தொடங்கிய பிறகு நடுக்கம் அதிகமானது. சோடா பாட்டிலுக்குள் அடைத்து வைத்திருப்பது அத்தனையும் கோபம். ஆட்டினால் சும்மா இருக்குமா? போகிற வழியிலேயே வெடித்தன. ஒருநாள் அண்ணன் பெட்டியைத் திறந்து கண்ணாடிச் சில்லை அள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஏலே, வண்டி நடுங்குதா, நீ நடுங்குதியா?"

"வண்டிதாண்ணே. சொன்னா நம்ப மாட்டேங்கியே."

"கயித்தைப் பிடிச்சுப் பழகுன கை. சும்மா இழுத்துக்கிட்டே இருந்தா மோட்டாரு என்னலே பண்ணும், அது என்ன மயிலைக் காளையா? சீசன் முடியதுக்குள்ள இது நிக்கலைன்னா வேற ஆளை ஓட்டச் சொல்லுவோம். நீ பெட்டியை ஏத்தி எறக்கு."

அண்ணன் கெட்டவர் இல்லை. உடைந்த பாட்டில் அவரைப் பேச வைத்தது. ஆனால் அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான் குடியிருந்தது: நடுக்கம் வண்டிக்கா, கைக்கா? சாப்பிட உட்கார்ந்ததும் கையைக் குப்புற நீட்டுவார்.

"இங்கன பாரு. ஆடுதா?"

"ஆடலை."

"நல்லாப் பாத்துச் சொல்லு ஏட்டி."

"எனக்கு என்ன கண்ணு தெரியாதா? கல்லு மாதிரி நிக்கி. சோறு ஆறுது."

மறுபடி நீட்டிப் பார்ப்பார். அந்தக் கையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. ஸ்டியரிங் தேய்த்துக் காய்ப்பேறிய உள்ளங்கை. கேட்டுக் கேட்டு, தன்மேல் தனக்கே சந்தேகம் வந்துவிட்ட கை.

செங்கோட்டைக்காரர் ஒருவர் எங்கள் ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தார். வாய் ஓயாத மனிதர், பேச்சின் நடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். அண்ணனும் இவரும் வண்டியைக் கொண்டுபோனார்கள். காலிப் பாட்டில் எடுத்துவரும் சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன்.

மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "வீலைத் திருப்புத கிங் பின் நல்லா இருக்கு." அடியில் படுத்துக்கொண்டு ஸ்டியரிங் கம்பிகளைத் தட்டினார். "இதும் சரிதான்." வில்பட்டையில் ஆணி இறுக்கம். டயரில் காற்று அளவு. "எல்லாம் நல்லா உண்டு, அண்ணாச்சி." வைத்தியர் உடம்பில் ஒன்றுமில்லை என்றால் ஜனங்கள் கும்பிடுவார்கள். இவரோ, ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கேட்கச் சுண்டிப்போனார். ஏதாவது ஒரு ஆணியாவது தேய்ந்திருக்கக் கூடாதா என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார், அதுவே போதுமாயிருந்தது.

கடைசியில் மெக்கானிக், "ஒரு சோலி செய்வோம். முன் வீலு ரெண்டையும் பின்னால போடுதேன், பின்னாலே உள்ளதை முன்னால. ஓட்டிக் காட்டுங்க" என்றார். மாற்றினார். அண்ணனும் அவரும் தொட்டியில் ஏறிக்கொண்டார்கள், நான் முன்னால். இலஞ்சி விலக்கு வந்தது. ரோடு நேரானது. இவர் மிதித்தார்.

ஸ்டியரிங் அசையாமல் கிடந்தது. நடுக்கம் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சீட்டு ஆடியது, தொட்டி ஆடியது, அண்ணன் கத்தினார்: "ஏலே நிறுத்துலே, பின்னால போட்டு அடிக்கி!" இவர் நிறுத்தவில்லை. இரண்டு கையையும் வளையத்திலிருந்து ஒரு கணம் எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினார். "ஏட்டி பாத்தியா! என் கை சும்மா கெடக்கு!" சாரல் கண்ணாடியில் விழுந்து வழிய, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வண்டி அப்படியே மலைக்குள் போய் மறைந்திருக்கலாம். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

கொட்டகைக்குத் திரும்பி, பின்னால் போட்ட அந்த இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஒன்றை முன் அச்சில் மாட்டிக் கையால் சுற்றிவிட்டார் மெக்கானிக். அது சுற்றி, மெதுவாகி, நின்றது. மறுபடி சுற்றினார். நின்றது. எப்படிச் சுற்றினாலும் அதே இடம்தான் கீழே வந்து நின்றது. "ஒரு பக்கம் கனம் இருக்கு" என்று சொல்லிச் சக்கரத்தை எடுத்து உட்பக்கத்தைத் திருப்பினார். இரும்பு வளையத்தின் உள்வாயில், ஒரு கை நீளத்துக்கு, சட்டியில் அடிப்பிடித்ததுபோல் மண் இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பினார். ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. நல்ல ஆற்று வண்டல், நடுநடுவே பொடி நத்தைக்கூடு. இன்னொரு சக்கரத்திலும் அப்படியே. அச்சுக்குள் விரலைவிட்டு எடுத்தால் கிரீஸ் தண்ணீர் கலந்து மோராகியிருந்தது.

"அண்ணாச்சி, வண்டியை எங்க கொண்டுபோய் முக்குதிய?"

இவர் கையைத் துடைத்துக்கொண்டே ஆற்றைச் சொன்னார். சாயங்காலம் திரும்பும்போது வண்டியைச் சித்தாற்றுத் துறையில் இறக்குவார், முன்சக்கரம் இரண்டும் முங்க நிறுத்திவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன், கழுவுகிறார் என்று நினைத்தேன். மாட்டுவண்டிச் சக்கரத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஆற்றில் ஊறப்போடுவார்கள். வெயிலில் ஓடினால் மரம் சுருங்கும், இரும்புப் பட்டை கழன்றுவிடும். தண்ணீர் குடித்தால் மரம் உப்பி, பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"இதுல மரம் எங்க அண்ணாச்சி இருக்கு?"

"இல்லைன்னு தெரியும்" என்றார் இவர். "ஓடிட்டு வந்த சக்கரத்தை அப்படியே காயவிட மனசு வரலை."

மெக்கானிக் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், ஜாக்கியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது. "மோட்டாருக்குத் தண்ணி காட்டியிருக்கான்யா எந்தம்பி! மாட்டை அவுத்துட்டாலும் ஆத்தை விட மாட்டேங்கானே!" அவர் சிரித்துக்கொண்டே தம்பியின் முதுகில் தட்டினார், பாசத்தோடுதான் தட்டினார். வேறு ஆளைப் போடும் பேச்சை அந்த இடத்திலேயே அழித்தார். "நீயே ஓட்டுலே. இனிமே ஆத்துப்பக்கம் மட்டும் போவாத." இவரும் சிரித்தார். எனக்கு மட்டும், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது தெரிந்தது. கேள்விக்கு விடை வந்துவிட்டது. குறை வண்டியில்தான் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது அந்தக் கைதான்.

மண்ணைச் சுரண்டி, கிரீஸ் மாற்றி, சக்கரங்களைப் பூட்டினார்கள். அதன்பின் அந்தக் கிழட்டு வண்டி தண்ணீரில் எண்ணெய் போவதுபோல் போனது.

மெக்கானிக் டீக்கடையில் சொன்னார். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, நல்ல கதை கிடைத்தால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? கதை எங்களுக்கு முன்னால் குற்றாலம் போய்ச் சேர்ந்தது. "டிரைவர் அண்ணாச்சி, இன்னைக்குப் பருத்திக்கொட்டை வச்சாச்சா?" "கழுத்து மணியைக் காணுமே அண்ணாச்சி!" ஒரு கடைக்காரர் ஒரு கட்டு வைக்கோலையே எடுத்துவந்து வண்டி மூக்கின்மேல் வைத்தார். இவர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பாட்டிலைக் கணக்காக இறக்கினார். ஆனால் 'டிரைவர் அண்ணாச்சி' என்ற அந்தச் சொல்லில் இப்போது ஒரு கண்சிமிட்டல் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுரண்டி எடுக்க எந்தத் திருப்புளியும் இல்லை.

சீசன் கூட்டம் வடிவதற்குள் அவராகவே சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். "கண்ணு கொஞ்சம் மங்குதுண்ணே" என்றார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஒருநாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல்கூட இருந்தார். பிறகு சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒருத்தரைச் சம்பளத்துக்கு வைத்தார். இவர் பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்று மெஷின் சுற்றினார்.

எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன், ஒரு ஆணி தேய்ந்திருந்தால் என்ன? ஒரு புஷ் கழன்றிருந்தால் என்ன குறைந்துபோகும்? புதுசு வாங்கிப் போட்டுவிட்டு, "வண்டியிலதான் குத்தம், பாத்தியளா" என்று ஒரு மனிதர் ஆயுசு முழுக்க நிமிர்ந்து ஓட்டியிருப்பார். அன்பு வைத்த இடத்திலிருந்து நோய் வந்ததென்று தெரிந்த பிறகு, ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்? பக்கத்தில் நின்ற எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "நீங்க செஞ்சது தப்பில்ல" என்று ஒருநாள் சொன்னேன். "தப்புன்னு யார் சொன்னா?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

அறுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, இலஞ்சிக் கோயிலுக்குப் போய்விட்டு விலக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி குற்றாலத்திலிருந்து காலிப் பெட்டிகளோடு வந்தது. டிரைவர் ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க அண்ணாச்சி, நனையுதியளே" என்றார். நான் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

"நீ போப்பா. பஸ் வந்துரும்" என்றார் இவர்.

நான் காலை இறக்கிக்கொண்டேன். வண்டி புறப்பட்டது, வேகமெடுத்தது, அந்த நேர்ரோட்டில் ஒரு பாட்டில்கூடக் கிணுங்காமல் போனது. இவர் அது கண்மறையும் வரைக்கும் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கை படாமலே ஒரே ஒரு தடவை அது நடுங்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?