டாக்டரம்மாவின் வாய்

ஊரில் அவளை 'வாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு ஊர்ப் பாஷை கடைசிவரை பிடிபடவில்லை. அவர் சொல்வதை நோயாளிகளுக்கும், நோயாளிகள் புலம்புவதை அவருக்கும் பதினோரு வருஷமாகச் சொல்லி வந்தவள் இவள். "அம்மாவுக்குக் கை சொந்தம், வாய் வாடகை" என்பார் கம்பவுண்டர்.

இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து விழுந்தவள். டாக்டரம்மா பிழைக்க வைத்தார். எழுத்தும் தன் பாஷையும் கற்றுக்கொடுத்தார். அவள் ஞானஸ்நானம் வாங்கிய அன்றே அண்ணன் அவளைத் தலைமுழுகிவிட்டான். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. எதிரே வந்தால் பக்கத்துக் கடையில் விலை கேட்பவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அந்த அண்ணனே ஒரு மத்தியானம் மூச்சிரைக்க ஓடி வந்தான். அண்ணிக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை வரவில்லை, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்று கம்பவுண்டரிடம் முறையிட்டான்.

அண்ணன் வீட்டில், ஜன்னல் இடுக்கில்கூடத் துணி திணித்து அடைத்திருந்த அறை. டாக்டரம்மா கை கழுவி, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் பாஷையில் சொன்னார்: "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீற வேண்டும். குழந்தை பிழைக்கலாம். தாய் பிழைப்பது அரிது. ஒன்று விடாமல் சொல்."

"என்ன சொல்றாங்க? பொழைச்சுக்குவாளா?" என்றான் அண்ணன்.

பதினோரு வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு. உள்ளதைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவான். இரண்டு உயிரும் இங்கேயே போகும்.

"பொழைச்சுக்குவாங்கண்ணா. தூக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

"உன்னை நம்பலாமா?"

"நம்புண்ணா."

எல்லாம் சொன்னாயா என்று டாக்டரம்மா கேட்டார். தலையாட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. அண்ணி கண் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் மூச்சு அடங்கியது.

டாக்டரம்மா அண்ணனின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "இப்படி ஆகலாம் என்று முதலிலேயே சொன்னேன். தெரிந்தே சம்மதித்தீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு."

அவள் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் வார்த்தை பிசகாமல் அப்படியே சொன்னாள்.

"முன்னாடியே சொன்னாங்களா?"

"சொன்னாங்கண்ணா."

"நீ சொல்லலையே."

குழந்தையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். நடந்ததை அவளே டாக்டரம்மாவிடம் சொன்னாள். "உன் பொய்யால்தான் அந்தக் குழந்தை இருக்கிறது. அதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவரிடம் நான் சொல்வதை நீ சொல்வாய் என்று எப்படி நம்புவது?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள் முதல் அவளுக்குச் சலவைக் கொட்டகையில் வேலை. ரத்தக் கறை பட்ட கட்டுத்துணிகளைக் கொதிக்கவைத்து அலசினாள். நோயாளிகளிடம் பேச, மிஷன் பள்ளியில் படித்த ஒரு நர்ஸ் வந்தாள். ஆறு வருஷம் கழித்து டாக்டரம்மா உடம்பு தளர்ந்து தன் நாட்டுக்குக் கப்பலேறக் கிளம்பியபோது, கொட்டகைக்கு வந்து அவளுடைய வெந்துபோன கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் மகளைத் தெருவில் இரண்டு முறை பார்த்தாள். அண்ணியின் நெற்றி, அண்ணியின் நடை. தனக்கு ஓர் அத்தை இருப்பதாக அந்தப் பெண்ணிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி அந்த அத்தை இறந்தாள். கம்பவுண்டர் ஆளனுப்பியும் அண்ணன் வரவில்லை.