பீஸ் கட்டை என் பாக்கெட்டில் இருந்தது

1. கிணற்றுக்குள் முனிரத்தினம்

முனிரத்தினம் கிணற்றுக்குள் முப்பதடிக்குக் கீழே, ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று, ஒயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார். நான் மேலே நின்றிருந்தேன். கரண்டை நிறுத்தப் பிடுங்கிய பீஸ் கட்டை என் சட்டைப் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது. அது அங்கே இருக்கும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். கரண்ட் கம்பம் வராத இடம். எங்கள் கம்பெனி அங்கே சோதனைக்காக எட்டு சோலார் பேனல், ஒரு டி.சி. மோட்டார், மாங்கன்றுகளுக்குச் சொட்டு நீர்க் குழாய் எல்லாம் போட்டிருந்தது. நான் அதற்கு மெக்கானிக். அதற்கு முன் பத்து வருஷம் சித்தூரில் கரண்ட் மோட்டார் பார்த்தவன். சோலாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் டிரெயினிங்கும் ஒரு இங்கிலீஷ் புத்தகமும்தான். புத்தகத்தை முழுசாகப் படிக்கவுமில்லை.

2. எனக்குக் கிணறு என்றால் பயம்

இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளைப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். மோட்டார் மாட்டிய அன்றும் நான் மேலே நின்று அதிகாரம் செய்தேன், கீழே வேலை பார்த்தவர் முனிரத்தினம். தண்ணீர் ஆழத்தில் இருந்ததால் மோட்டாரை உள்ளே ஒரு கல் மேடையில் வைத்தோம். சுவிட்ச் பெட்டியையும் அங்கேயே சுவரில் அடிக்கச் சொன்னேன். பெட்டி மேலே இருக்க வேண்டுமானால் மோட்டார் ஒயருக்கு ஜாயின்ட் போட வேண்டும், அதற்கு நான் இறங்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆனால் அது பயம்தான்.

மூன்றாம் மாதம் மோட்டார் நின்றது. கன்றுகள் வாட ஆரம்பித்தன. நான் போய்ச் சேர்ந்ததும் முனிரத்தினம் இறங்கிப் பார்த்து, பெட்டிக்கு வரும் ஒயரின் நுனி கருகியிருக்கிறது என்றார். கழற்றி, கருகியதை ஒவ்வொன்றாக வெட்டி, உரித்து மாட்டச் சொன்னேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒயரில் கை வைக்கும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கி, நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். தெரியாத்தனமாக யாரும் திரும்பப் போட்டுவிடக் கூடாது அல்லவா. முனிரத்தினமும் பிடுங்கி, வாளியில் போட்டு மேலே அனுப்பினார்.

"நீயே வெச்சிக்க சார். உங்கிட்ட இருந்தா எனக்கு பயமில்ல" என்றார்.

3. வெயில்

"ஒண்ணு உரிச்சிட்டேன் சார், இன்னொண்ணு கீது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு பேனல் பக்கம் திரும்பினேன். பதினோரு மணி வெயில் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. பேனலிலிருந்து புறப்பட்ட கறுப்பு ஒயர் எங்கும் நிற்காமல் நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பத்துக் கரண்டில் பீஸ் கட்டை மேலே ஷெட்டில் இருக்கும், அதைப் பிடுங்கினால் கிணற்றுக்குள் எந்த ஒயரிலும் கரண்ட் இருக்காது. இங்கே அது கிணற்றுக்குள் இருந்த பெட்டியில். பிடுங்கினால் பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போவதுதான் நிற்கும். பேனலிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரில் வெயில் உள்ளவரை கரண்ட் உண்டு. முனிரத்தினம் உரித்துக்கொண்டிருந்தது அந்த ஒயரை. நூற்றைம்பது வோல்ட் டி.சி., பிடித்தால் விடாது. முதல் கம்பியை உரிக்கும்போது அது ஒன்று மட்டும் பட்டதால் தப்பித்தார். இப்போது உரித்த கம்பி ஈரக் கையில், இரண்டாவது பல்லில்.

கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரி, கம்பளியில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிணற்றைக் காட்டினேன், என் வாயைக் காட்டினேன், கையை ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் குனிந்து, "யோவ்" என்று ஒரே குரல் கொடுத்தார்.

"இன்னாமே?"

பதில் சொல்ல வாயைத் திறந்ததில் கம்பி பல்லிலிருந்து நழுவியது. நழுவிய நுனி கையிலிருந்த கம்பியில் உரசி, நீலமாகச் சீறியது. முனிரத்தினம் எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

4. கம்பளி

கடலையை மண்ணில் கொட்டி, கம்பளியால் பேனலை மூடினோம். மூடாமல் விட்ட ஓரத்துக்கு ஒரு சாக்கு. முனிரத்தினம் மேலே ஏறி வந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"பீசு உங்கிட்டதான சார் கீது?" என்று மட்டும் கேட்டார். நான் அதை எடுத்துக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

அவரை மறுபடி இறங்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. பெட்டியை மேலே கொண்டுவந்தால்தான் கன்றுகளும் பிழைக்கும், அந்தக் குடும்பமும் பயமில்லாமல் இருக்கும். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு படியருகில் போனேன். காற்று கிளம்பிவிட்டிருந்தது, கம்பளி ஓரம் படபடத்தது. முதல் கல்லில் வைத்த காலைத் திரும்ப எடுத்துவிட்டேன். கஸ்தூரி கம்பளி முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவரு உன் பேச்ச நம்பி எறங்குனாரு. நீ என் கைய நம்பி எறங்கு சார்."

இறங்கினேன். ஒவ்வொரு கல்லிலும் ஆண்டவரைக் கூப்பிட்டேன். அடியில் போய் இரண்டு கம்பிகளையும் கையில் எடுத்த நேரம் மேலே காற்று வீசியடித்தது, கம்பளி விலகும் சத்தம் கேட்டது. கம்பிகளைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முனிரத்தினம் நின்ற அதே ஈரக் கல்லில்தான் நானும் நின்றிருந்தேன்.

"ஒண்ணுமில்ல சார், மேல பட்த்துக்கினு கீறேன். நீ வேலயப் பாரு" என்று கஸ்தூரியின் குரல் வந்தது.

கொதிக்கிற பேனல்மேல், நான் பெட்டியைக் கழற்றி, ஜாயின்ட் போட்டு முடித்து ஏறும்வரை அவர் அப்படியே படுத்திருந்தார்.

திருப்பதி ஆபீசில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிணற்றுக்குள் பெட்டி வைத்த மற்ற இடங்களுக்கும் நானே போய், நானே இறங்கி மாற்றினேன். பயம் இன்றுவரை போகவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் உள்ளது இவ்வளவுதான்: முதலில் பேனலை மூடு, மீட்டர் வைத்துப் பார். அப்புறமும் இன்னொருவரைப் பார்த்து "ஒன்றும் ஆகாது, இறங்கு" என்று சொல்ல நாக்கு எழுந்தால், அந்தக் கல்லில் முதலில் நீ போய் நில்.