அக்கா ஏலத்தில் ஏற்றிய கூரை

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அழாமல் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். முயற்சி செய்கிறேன். ஆனால் எங்கள் அக்காவைப் பற்றிச் சிரிக்காமல் எழுத என்னால் முடியாது.

உடையார்கட்டில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. எனக்கு அவர் பாதி அம்மா. நெடுங்கேணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன மறுகிழமையே, ஆண்கள் மட்டும் பேப்பர் வாசிக்கும் சனசமூக நிலையத்துக்குள் போய், கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அத்தானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றதாம். பிறகு ஊர்ப் பெண்கள் எல்லாரும் போகத் தொடங்கினார்கள்.

ஊர்ச்சனம் தாங்களே கல் சுமந்து, சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய பழைய மண்டபம்தான் அந்த நிலையம். போரில் இடம்பெயர்ந்து, முகாமிலும் கிடந்து திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. தன் வீடு தரைமட்டமாகக் கிடந்ததற்கு அழாத அக்கா, அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன், அதை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னான். பலருக்கு அது பிடித்திருந்தது. அக்கா போனிலேயே மறுத்துவிட்டார்.

"காசு அனுப்புங்கோ தம்பி, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இடிக்கிற கதை மட்டும் என்னோட கதைக்காதேங்கோ."

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். வருகிற மாரி மழைக்கு முன் கூரை ஏறினால் மண்டபம் நிற்கும், இல்லாவிட்டால் இடிப்பதுதான்.

கோயிலில் பூசை முடிய, படைத்த காய்கனிகளை ஏலம் விடுவது எங்கள் வழக்கம். அங்கே கடைவிலை பார்த்து யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை ஏலக் காசைக் கூரைக்கு விடும்படி பரிபாலன சபையிடம் அக்கா விடாமல் நின்று சம்மதம் வாங்கினார். முதல் வெள்ளியே தன் வளவில் காய்த்த பெரிய பூசணிக்காயைக் கொண்டுபோய் வைத்தார். ஐயோ, அது அத்தான் விதைக்கென்று முற்றவிட்ட காய்! கண்டதும் அத்தானுக்குத் திக்கென்றது. எப்படியாவது மீட்டுவிட வேண்டுமென்று ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்கத் தொடங்கினார். மனுசனுக்கு இன்றைக்குத்தான் கை இளகியிருக்கிறது என்று நினைத்த அக்கா, பெண்கள் பக்கத்திலிருந்து கூட்டிக் கூட்டிக் கேட்டார். வேறொருவரும் குறுக்கே வரவில்லை. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருபடியாக அத்தான்தான் எடுத்தார்.

"இஞ்சாரும், அது விதைக்காயப்பா!"

"முதலே சொல்லியிருக்கலாமெல்லே? எண்டாலும் பரவாயில்லை, நல்ல விலை போச்சுது!"

இந்தக் கதை பரவி, அடுத்த வெள்ளி அயலூர்ச் சனமும் ஏலத்துக்கு வந்துவிட்டது. வாழைக்குலை, மாம்பழம், நெல்மூட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். கோபித்துக்கொண்டிருந்த சித்தப்பா மகனும் போனில் ஒரு தேங்காயை ஏலம் கேட்டான்!

வேலை நடக்கும்போதே அக்கா நோயில் விழுந்தார். கடைசி ஓடு ஏறிய அன்று அவர் வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போய்ச் சொன்னதும் கேட்டார்.

"மழை வந்ததே தம்பி? ஒழுகுதோ?"

"இன்னும் மழை இல்லை அக்கா."

"வந்தோடன சொல்லு, என்ன."

அடுத்த கிழமை அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்காவைப் பார்த்துப் பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கூரை மரத்தை லொறியில் அனுப்பிவிட்டுக் கூலி வாங்க மறுத்த மரக்காலை நடத்தும் முஸ்லிம் நானாவுக்கும், ஏலத்தில் விட்டுக்கொடுக்காமல் கேட்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

செத்தவீட்டன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். கொட்டிய மழையில் பந்தல் ஒழுகி, அக்காவின் முகத்தில் தண்ணி விழுந்தது. பொது மண்டபத்துக்குள் பிரேதம் வைக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். "அவா போட்ட கூரை. தூக்குங்கோ!" என்று கத்தினார் அத்தான். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். எல்லாருமாகத் தூக்கிக்கொண்டுபோய் நடுமண்டபத்தில் வைத்தோம். மழை விடும்வரை ஊரே அக்காவைச் சுற்றி நின்றது.

அக்கா, மழை வந்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.