கை தட்ட முடியாத பாட்டு: காமயகவுண்டன்பட்டியில் இரண்டரை நாள்

எனக்கு வயது அறுபத்தெட்டு. திண்டுக்கல்லில் நாற்பது வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். யாரிடமும் படிக்கவில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி எண்ணிக் கற்றுக்கொண்ட தொழில். ஆர்மோனியமும் அப்படித்தான். இந்த வயதில் இந்தப் பயணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோபம்.

எங்கள் கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, பாடகர் குழுவிடம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பதினாறு வரியில் பதினொன்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது யார் என்று சொல்ல ஆளில்லை. "முறையா இசை படிச்சிருக்கீங்களா?" என்று கேட்க மட்டும் ஆள் இருந்தது.

அடுத்த வாரமே கைபேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. காலாண்டு விடுமுறையில் கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் மாணவர்களுக்குப் பாட்டு எழுதிப் பாடும் முகாம். வியாழன் மதியம் முதல் சனி மாலை வரை. கட்டணம் மதியச் சாப்பாட்டோடு 600 ரூபாய். வயது எதுவும் போடவில்லை. படிக்க வருகிறவன் மாணவன். பணத்தைக் கட்டிவிட்டேன்.

வியாழன் காலை 5.40க்குத் திண்டுக்கல்லில் என் ஆர்மோனியத்தோடு பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் போல. 7.50க்கு இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, 8.20க்குக் கம்பம் பஸ். இடது பக்க சன்னல் கேட்டு வாங்கினேன்; மேகமலை அந்தப் பக்கம்தான். பழனிசெட்டிபட்டி தாண்டும்வரை கடைகளும் வாகன நெரிசலும். பிறகுதான் வயல் கண்ணில் படும். சின்னமனூர், உத்தமபாளையம் கடந்து 9.45க்குக் கம்பம். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து நூறு ரூபாயை ஒட்டித்தான் ஆயிற்று. முகாமில் தங்க இடம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் கம்பத்தில் லாட்ஜ் எடுத்தேன், ஒரு நாளைக்கு 500. விசிறி ஓடும்போது சத்தம் வந்தது. பேரிங் போயிருந்தது. சொன்னேன், மாற்றவில்லை.

கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பெருசு, பேரப்பிள்ளைய பார்க்கவா?" என்றார்.

"இல்ல தம்பி, பாட்டு வகுப்புக்கு."

"வாத்தியாரா?"

"மாணவன்."

மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

முகாம் நடந்தது ஊரின் சமூகக்கூடத்தில். நடத்தியவர் ரெஜினா என்ற பெண், முப்பது வயதிருக்கும். என் பெயரைப் பட்டியலில் பார்த்து, என்னையும் பார்த்து, தயங்கினார். "ஐயா, வகுப்புல தாராளமா உட்காருங்க. ஆனா சனிக்கிழமை மேடை இளையோருக்கு மட்டும். வீடியோ எடுக்கிறாக. பணம் உதவுனவுக அப்படித்தான் கேட்ருக்காக."

"அறிவிப்புல போடலையேம்மா."

"போட்ருக்கணும். தப்புதான்."

"அப்ப தப்பு உங்களது. மேடைய சனிக்கிழமை பார்த்துக்குவோம்" என்று சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். என் குழுவில் மூன்று பேர். ஜெனிட்டா, கம்பத்தில் பி.காம் இரண்டாம் வருடம், இந்த ஊர்ப்பிள்ளை. முத்துராஜ், கடமலைக்குண்டிலிருந்து வந்த பிளஸ் டூ பையன், வாயால் தாளம் போடுகிறவன். பிறகு நான். ஜெனிட்டா "தாத்தா" என்றதும் தடுத்தேன். நானும் அதே வகுப்புதானே?

"அப்ப என்னன்னு கூப்பிட? பங்காளின்னா?" என்றான் முத்துராஜ்.

"கூப்பிடு."

கூப்பிட்டான். மூன்று நாளும் அப்படியே கூப்பிட்டான்.

இந்த முகாமின் முறையைச் சொல்ல வேண்டும், போக நினைப்பவர்களுக்கு உதவும். ஒரு குழுவுக்கு ஒரே நோட்டு. ஆளுக்கு ஒரு வரியாக முறை வைத்து எழுத வேண்டும். அடுத்தவர் வரியை யாரும் அடிக்கக் கூடாது. எழுதியவர் மட்டுமே அடிக்கலாம். இதைக் கேட்டதும் நான் எழுந்து நின்று, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ரெஜினா சொன்னார். கட்டிய 600 ரூபாய் எனக்கு அங்கேயே ஈடாகிவிட்டது.

இரண்டாவது விதி இன்னும் கறாரானது. பாட்டு யாரைப் பற்றியதோ, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பாடிக் காட்ட வேண்டும். அவர்கள் கைவேலையை நிறுத்தாமல் நம்மோடு சேர்ந்து பாடினால்தான் பாட்டு மேடைக்குப் போகும். நின்று கேட்டு, நல்லாருக்கு என்று சொன்னால் போதாது.

ஜெனிட்டாவின் அம்மா செபஸ்தியம்மாள் திராட்சைத் தோட்டத்தில் அறுப்பு வேலை செய்கிறவர். அதனால் எங்கள் பாட்டு அந்தத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி என்று முடிவானது. முதல் வரி ஜெனிட்டா எழுதினாள்:

*பந்தலுக்குக் கீழே வெயில் பொட்டுப் பொட்டா விழுது*

அடுத்தது முத்துராஜ்:

*கொத்துக் கொத்தாக் காய்க்குது, கூலி மட்டும் காய்க்கல*

பையன் கெட்டிக்காரன். திரும்பத் திரும்ப வரும் வரி என் முறைக்கு வந்தது:

*கவலையெல்லாம் பறக்கக் கை தட்டிப் பாடுவோம்*

ஆர்மோனியத்தில் மெட்டு வைத்து, மூன்று பேரும் கை தட்டிப் பாடினோம். கூடமே சேர்ந்து தட்டியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வெள்ளி காலை 11 மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். ஊரிலிருந்து நடந்து கால் மணி நேரம். ரெஜினா முன்பே அனுமதி வாங்கியிருந்தார். திராட்சைத் தோட்டம் பார்க்காதவர்களுக்கு: கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைக் கூரை மாதிரி படரவிட்டிருப்பார்கள். பழம் தலைக்கு மேலே தொங்கும். செபஸ்தியம்மாளோடு நான்கு பெண்கள், அண்ணாந்தபடி, கத்திரியால் கொத்துகளை வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாடினோம். கூலி வரிக்கு ஒரு பெண் சிரித்து, "ஏலே, இத தோட்டக்காரர் காதுல விழப் பாடு" என்றார். மெல்ல முனகிக்கொண்டே கூடப் பாடினார்கள். என் வரி வந்தது. நாங்கள் கை தட்டினோம். அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

செபஸ்தியம்மாள் என்னைப் பார்த்தார். "ஏன் பெரியவரே, ஒரு கையில கொத்து, ஒரு கையில கத்திரி. தட்டுறதுக்கு மூணாவது கைய எங்கன போயி வாங்க?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். முத்துராஜும் சிரித்தான்.

கூடத்துக்குத் திரும்பியதும் ரெஜினா சொன்னார்: "அந்த ஒரு வரிதான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியாயிட்டா பாட்டு மேடைக்குப் போகும். இல்லாட்டி இல்ல."

"அடிக்க மாட்டேன்" என்றேன். விதி என் பக்கம் இருந்தது. என் வரியை அடிக்க அங்கே எவருக்கும் உரிமை இல்லை. ஏற்கெனவே பதினொரு வரி போயிருக்கிறது, பன்னிரண்டாவதையும் கொடுக்க நான் வரவில்லை.

ஜெனிட்டா நோட்டை மூடினாள். "நாளைக்கு எங்கம்மா கூடத்துக்கு வர்றேன்னு சொல்லிருக்கு. நான் மேடையில பாடி அது ஒருநாளும் கேட்டதில்ல. ஒங்க வரிய அடிச்சவுக மேல ஒங்களுக்குக் கோவம். அதுக்கு எங்க பாட்ட எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீக?"

நான் ஆர்மோனியத்தை மூடினேன். அதற்காக அவள் சொன்னதை ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. 5.30 பஸ்ஸுக்கு லாட்ஜுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை 6.15 டவுன் பஸ். ஏழு மணிக்குத் தோட்டத்தில் இருந்தேன். செபஸ்தியம்மாளிடம் கேட்டேன், "ஒரு கத்திரி குடுங்க. வேலை பார்த்துக்கிட்டே தட்ட முடியும்னு காட்டுறேன்."

"காட்டுங்க. ஆனா பழத்த நசுக்கிப்புடாதீக. எங்க கூலிதான் போகும்."

அருகில் நின்று வெட்டினேன். இடது கையில் கொத்தைத் தாங்கி, வலது கையால் காம்பை நறுக்கி, அழுகலையும் சிறுகாயையும் தட்டிவிட்டு, பெட்டியில் வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கழுத்து வலித்தது. இருபது நிமிடத்தில் தோள் எரிந்தது. கையைக் கீழே இறக்கினால் திரும்பத் தூக்குவது அதைவிடப் பாடு. தட்டவே முடியாது. தொடையில் கூடத் தட்ட முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேசாமல் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் காதில் விழுந்தது. க்ளிக், க்ளிக்-க்ளிக். ஐந்து பெண்களின் கத்திரிகள். முதலில் கலைசலாக இருந்தது. நாற்பது வருடம் சுற்று எண்ணிய காது என்னுடையது. தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கத்திரி இன்னொன்றின் இடைவெளியில் போய் விழுவது தெரிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காத தாளம். அவர்களே அதைக் கவனித்ததில்லையாம், சொன்னதும், "அட, ஆமா ஆத்தா!" என்று முந்தின நாள் கூலி வரிக்குச் சிரித்த பெண் வேண்டுமென்றே இரண்டு தரம் கூட நறுக்கினார்.

ஒன்பதரைக்குக் கூடத்துக்குப் போய் நோட்டை வாங்கினேன். என் வரியை என் பேனாவால் அடித்தேன். ஒரே கோடு, நீல மை. "பார்த்துக்கங்க, அடிச்சது நான். எவரும் அடிக்கச் சொல்லி நான் அடிக்கல" என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். "சரிங்க பங்காளி" என்றாள். முதல் தடவையாக அவளும் அப்படிக் கூப்பிட்டாள். கீழே எழுதினேன்:

*கத்திரி பாடட்டும், கையை இறக்க மாட்டோம்*

பதினொன்றரைக்குத் தோட்டத்தில் பாடிக் காட்டினோம். ஐந்து பேரும் வெட்டிக்கொண்டே பாடினார்கள். ஒரு பழம் நசுங்கவில்லை. ரெஜினா தலையை ஆட்டி, பாட்டு மேடைக்குத் தகுதி என்று எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஐயா, மேடை..." என்றார்.

"தெரியும்மா" என்றேன்.

மாலை ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. எங்கள் முறை வந்தபோது ஜெனிட்டாவும் முத்துராஜும் மேடை ஏறினார்கள். நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குக் கீழே, நட்டநடுவில் போட்டு, ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் செபஸ்தியம்மாளும் மற்ற நான்கு பெண்களும் கத்திரியோடு நின்றார்கள்.

ரெஜினா ஓடி வந்தார். "ஐயா, நான்தான் சொன்னேன்ல?"

"ஏறலையேம்மா. தரையிலதான இருக்கேன். தரைக்கு என்ன வயசு போட்ருக்கீக?"

"இந்தத் தாளம் இல்லாம பாட்டு எடுக்க முடியாதுக்கா" என்றான் முத்துராஜ் மேடையிலிருந்து, மைக்கிலேயே. கூடம் முழுக்கக் கேட்டது. ரெஜினா வீடியோ எடுக்கிறவரிடம் போய் ஏதோ சொல்ல, அவர் தரையில் இருந்த நாங்களும் தெரியும்படி கேமராவைத் தாழ்த்தினார்.

ஜெனிட்டா நோட்டைப் பார்த்து வாசித்தாள்: எழுதியவர்கள் மூன்று பேர், மூன்றாவது என் பெயர், இன்ஷியலோடு. ஐந்து பெண்களும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். க்ளிக், க்ளிக்-க்ளிக். அம்மாவின் கத்திரியைப் பார்த்துத்தான் மகள் முதல் வரியை எடுத்தாள். முடியும்வரை ஒரு கைகூடக் கீழே இறங்கவில்லை. கடைசியில் கூடம் கை தட்டியபோது செபஸ்தியம்மாள் குனிந்து என்னிடம், "இப்ப தட்டட்டும். இவுகளுக்குத்தான் கை சும்மா இருக்கு" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கம்பத்துக்குத் திரும்பக் கடைசி டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம். நான் சனிக்கிழமை ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன். தோட்டத்துக்குள் அனுமதி கேட்டுப் போங்கள். பழத்தைத் தொடாதீர்கள், வேண்டுமென்றால் ரோட்டோரக் கடையில் வாங்கலாம். பெரிய ஆர்மோனியத்தை பஸ்ஸில் கொண்டுபோனால் லக்கேஜ் கேட்பார்கள். சின்னதாகக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் வயது போடவில்லை என்றால் பணத்தைக் கட்டிவிடுங்கள். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிற எங்கள் பாடகர் குழுவுக்கும் ஒரு தகவல் உண்டு. முறையாக இசை படித்தாயா என்றால், ஆமாம், இரண்டரை நாள் படித்தேன். சிவப்பு மையில் அடித்த பதினொரு வரியையும் அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன். வருகிற திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களின் தோளில் சப்பரம் இருக்கும்போதே, பக்கத்தில் நடந்துகொண்டு அந்தப் பாட்டைப் பாடுவேன். அவர்கள் வாய் எந்த வரியில் நிற்கிறதோ, அதை என் நீலப் பேனாவால் நானே அடிப்பேன். அவர்கள் கடைசிவரை கூடப் பாடிவிட்டால், சிவப்புப் பேனாக்காரர் வந்து சப்பரத்துக்குத் தோள் கொடுக்கட்டும். பிறகு பேசலாம்.