நெரெய்தா கூப்பிடும் பெயர்

மெக்சிகோ நாட்டு மெக்சிக்காலி நகரில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் டயர் கடை என்னுடையது. ஒரு ஜாக்கியும் கைப்பம்பும் வைத்துத் தெருவோரம் தொடங்கினேன். இன்று லாரிக்காரர்கள் என் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இப்படிப்பட்ட எனக்கு ஒரு பெண்பிள்ளை மேல் பொறாமை என்றால் யார் நம்புவார்கள்?

அவள் பெயர் நெரெய்தா. என் கடைச் சுவருக்கு அந்தப்பக்கம் உள்ள அறையில் வேலை. போதை ஊசி போடுகிறவர்கள் அங்கே சுத்தமான ஊசி வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே போட்டுக்கொள்வார்கள். யாருக்காவது மூச்சு நின்றால் அவள் மீட்டுக் கொண்டுவருவாள். முன்பு வயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தங்கை ஒரு பேருந்து நிலையக் கழிவறையில் ஊசியோடு செத்துக் கிடந்தாளாம். அதோடு தொழிற்சாலையை விட்டுவிட்டாள். பருத்த உடம்பு. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். தினமும் ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பர்ரித்தோ கொண்டுவந்து பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

அந்தப் பாதி பெரும்பாலும் என் மகன் வென்செஸ்லாவோவுக்கு.

என் கடையைத் தாண்டித்தான் அவன் அங்கே போகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். உள்ளே நுழைந்ததும் அவன் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும். லாரி டயரைத் தனியாளாகக் கழற்றும் என் கை அவனுக்கு வேண்டாம். ரப்பர் உறை மாட்டிய அவள் கைதான் வேண்டும். ஒரே ஒரு தடவை என் வாசலில் நின்று அவன் என்னிடம் பேசினால் போதும் என்றிருந்தது.

"என்னம்மா, எம் பையனுக்குச் சொக்குப்பொடி கிக்குப்பொடி போட்டியா?" என்று கேட்டேன்.

"பாதி பர்ரித்தோ போட்டேன் முதலாளி. உங்களுக்கும் வேணும்னா வரிசையில நில்லுங்க."

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. "நீ மயங்கிட்டா எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று முன்னாலேயே கேட்டுவிடுவாள். எந்தப் பெயருக்குத் திரும்பி வரப் பிடிக்குமோ அதை அவளிடம் மட்டும் சொல்வார்கள். என் மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அது அவன் சொத்து" என்றுவிட்டாள்.

ஜூலையில், தார் உருகும் ஒரு மதியம், சுவருக்கு அப்பால் நாற்காலி விழுந்தது. ஓடினேன். மகன் தரையில் கிடந்தான், உதடு நீலம். நெரெய்தா அவன் தொடையில் போதை முறிக்கும் மருந்தை ஏற்றிவிட்டு மூச்சு ஊதிக்கொண்டிருந்தாள்.

"வென்செஸ்லாவோ! எழுந்திருடா!" என்று கத்தினேன்.

கண் திறந்தவன் என் குரலில் மிரண்டு, அவளைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினான்.

"கெடுத்தீங்களே! மருந்து வேகம் குறைஞ்சா மறுபடி மூச்சு நின்னுரும். அவனத் தனியா விடக்கூடாது!"

என் பழைய டயர் அடுக்கு வரைதான் அவனால் ஓட முடிந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நெருங்கினேன்.

"அங்கயே நில்லுங்க. வாயத் திறக்காதீங்க. அந்தக் கம்ப்ரசர நிறுத்துங்க."

என் டயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கே உத்தரவு! நிறுத்தினேன். ஹாரன் அடித்த லாரிக்காரரைக் கைகாட்டி அனுப்பினேன்.

வெயில் இறங்கும்வரை அப்படியே நின்றேன். அவன் தலை தொங்கும்போதெல்லாம் அவள் குனிந்து, "பிவோத்தே" என்பாள். அவன் "ம்" என்பான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் டயர் வால்வுக்குத்தான் பிவோத்தே என்று பெயர். சின்னவனாக இருந்தபோது வால்வு மூடிகளைப் பையில் நிரப்பிக்கொண்டு என் பின்னாலேயே திரிவான். அந்தப் பெயரை வைத்தவன் நான். அவள் அதை வாய் நிறையச் சொல்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"அக்கா, தண்ணி" என்றான். நான் ஐஸ் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் வாங்கிக் கொடுத்தாள், குடித்தான்.

போகும்போது என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. மெதுவா."

மறுநாள் அவன் கடையைத் தாண்டும்போது, "பிவோத்தே" என்றேன், மெதுவாக.

"ம்" என்றான், திரும்பாமலே. பிறகு அந்த அறைக்குள் போனான். சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் சிரிப்புக் கேட்டது.

அந்த "ம்" எனக்கானது. சிரிப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.